ஈசானி மூலையில் என்ன தெரிகிறது?

(சாலவாக்கத்தில் ஒரு மாசி மாத மாலையில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். வாழ்த்துரையும் நன்றியுரையும் நீக்கப்பட்டுள்ளன.)



ஐப்பசி பிறந்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்து உழவர்களின் முகம் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். வரப்பில் நிற்பவரும் சரி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் சரி, அந்தி சாய்ந்ததும் வடகிழக்கைப் பார்ப்பார்கள். "ஈசானி மூலையில மின்னுது, ராவுக்கு ஊத்தப் போவுது" என்று ஒரு குரல் வந்தால் போதும். மாட்டைக் கொட்டகையில் பிடித்துக் கட்டுவார்கள். வைக்கோல் போரின் மேல் தார்ப்பாய் ஏறும். மொட்டை மாடியில் காயும் மிளகாய் உள்ளே வரும். வங்கக் கடலிலிருந்து பருவமழை வரும் வழி அது. வானொலியும் தொலைக்காட்சியும் வானிலை அறிக்கை வாசிக்கத் தொடங்கும் முன்பே, பல தலைமுறைகளாக, இந்த ஊருக்கு அந்த மூலைதான் அறிக்கை.

அதே மூலையில் இப்போது இன்னொன்றும் தெரிகிறது. மேகமே இல்லாத இரவுகளிலும் அங்கே அடிவானம் வெளுத்துக் கிடக்கிறது. அது ஒரகடத்தின் வெளிச்சம், தாம்பரத்தின் வெளிச்சம், அவற்றுக்கும் அப்பால் சென்னையின் வெளிச்சம்.

இந்த இரண்டு வெளிச்சங்களுக்கும் நடுவே நின்று பேசப்படும் உரை இது. சொல்ல வருவது ஒன்றுதான். அன்றாடம் கொஞ்ச நேரம் வானத்தின் கீழ் நிற்பதும் அதைப் பார்ப்பதும் சோறு, தூக்கம் போல உடம்புக்கும் மனசுக்கும் வேண்டியவை. நம் முன்னோர் அதைத் தனியாகத் தேடிப் போகவில்லை. வேலையோடு வேலையாக அது கிடைத்தது. இன்று வேலை கூரைக்கு அடியில் போய்விட்டது, பொழுதுபோக்கு கைபேசிக்குள் போய்விட்டது. ஆகவே, தானாகக் கிடைத்ததை இனி நாமாகக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1. கண்

முதலில் பிள்ளைகளின் கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு பாடவேளை. மற்ற ஆறு பள்ளிகளில் வழக்கம்போல வகுப்பறை. மூன்று ஆண்டு கழித்துப் பரிசோதித்தபோது, வெளியே போன பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015இல் வெளிவந்த முடிவு இது. மருந்து இல்லை, கண்ணாடி இல்லை, செலவும் இல்லை. நாற்பது நிமிடம் வெளியே விட்டதற்கே இவ்வளவு பலன்.

காரணம் எளிதாகப் புரிகிற ஒன்று. வகுப்பறை வெளிச்சத்தை அளந்தால் சில நூறு லக்ஸ்தான் வரும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். உச்சிவெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்க வைக்கிறது. அது கண்கோளம் அளவுக்கு மீறி நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்களில் பலரும் ஏற்கும் விளக்கம். இன்னொன்று, புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் ஒரு சிறு தசை இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போதுதான் அதற்கு ஓய்வு. வானத்தைவிடத் தொலைவில் என்ன இருக்கிறது?

அந்தப் பிள்ளைகளை யாரும் அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. வானத்தின் கீழ் விட்டார்கள், அவ்வளவுதான். நம் பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கும் வழக்கம் இருக்கிறதே, அதை ஆசிரியப் பெருமக்கள் இந்தக் கணக்கையும் வைத்து யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது. கிரகண நாளிலும் கூடாது, தாம்பாளத் தண்ணீரில் விழும் நிழலாகவும் கூடாது.

2. கடிகாரம், சன்னல்

கண் பார்ப்பதற்கு மட்டும் இருக்கிற உறுப்பு என்று நீண்ட காலம் நினைத்திருந்தோம். விழித்திரையில் இன்னொரு வகை உயிரணு இருக்கிறது, அது உருவத்தைப் பார்ப்பதற்கு இல்லை, வெளிச்சம் வந்துவிட்டதா என்று மூளைக்குச் சொல்வதற்கு என்பதை டேவிட் பெர்சன் குழுவினர் 2002இல் எலிகளில் காட்டினார்கள். மனிதருக்கும் அது உண்டு. அந்த அணு மிகுதியாக விழித்துக்கொள்வது நீல ஒளிக்கு. தெளிந்த வானத்தின் நிறம் அது. காலை வானம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரவு எப்போது தூக்கம் வரவேண்டும் என்பது காலையிலேயே முடிவாகத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மலையில் எட்டுப் பேர் ஒரு வாரம் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். கைபேசி கிடையாது, டார்ச்சும் கிடையாது. பகலில் சூரியன், இரவில் விறகுத் தீ. கென்னத் ரைட் குழுவினர் 2013இல் வெளியிட்ட இந்த ஆய்வில், ஒரே வாரத்தில் அவர்களுடைய உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்து, சூரியன் மறைவதோடும் உதிப்பதோடும் ஒத்துப்போனது. தூக்க மாத்திரை தேடும் வீடுகள் இந்தச் செய்தியைக் கேட்க வேண்டும்.

நம் ஊரில் இந்த ஏற்பாடு எப்படி இருந்தது? விடியற்காலையில் ஒரு பெண் வாசல் தெளிக்கிறார். தண்ணீர் விழுந்த மண்ணில் ஈர வாசனை எழும்புகிறது. குனிந்து புள்ளி வைக்கிறார். வரிசை சரியா என்று இரண்டடி பின்னால் வந்து நிமிர்ந்து பார்க்கிறார். கோலம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கிறது. கால் மணி நேரம் அவர் வானத்தின் கீழ் இருந்திருக்கிறார். களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் படுத்தவரும், கோடையில் கயிற்றுக்கட்டிலைத் தெருவில் போட்டுப் படுத்தவரும் அப்படித்தான். இவற்றை அறிவியல் என்று சொல்லி யாரும் செய்யவில்லை. அடுக்குமாடிக் கதவுக்கு வெளியே ஸ்டிக்கர் கோலம் ஒட்டியபோது எதை இழந்தோம் என்பது யாருக்கும் தெரியவும் இல்லை.

சன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது: 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள், இரவெல்லாம் எரிய விளக்குக்கு எண்ணெய். நோயாளியைச் சுற்றி என்ன இருக்க வேண்டும் என்று இவ்வளவு கருத்தாக யோசித்த மண் இது. அதற்கு 900 ஆண்டுக்குப் பின், 1984இல், ஆய்வாளர் ராஜர் உல்ரிச் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவேடுகளைப் புரட்டி 46 நோயாளிகளை ஒப்பிட்டார். பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அங்கே தெரிந்தவை மரங்கள்தான். வானத்தால்தான் குணமானார்கள் என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களின் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று முடிவு செய்ய இந்தச் செய்தி போதும்.

3. அச்சம்

இனி, கஷ்டமான பகுதி. வானம் பார்ப்பது எல்லாருக்கும் எந்நாளும் சுகமாக இருந்ததில்லை. "வானம் பார்த்த பூமி" என்ற சொல்லில் பெருமை இல்லை, ஏக்கம்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த ஆண்டே, 2016இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் பாதிக்குக் கீழே போனது. முதலாண்டு 'போதும், நிறுத்து' என்றும் மறு ஆண்டு 'இன்னும் காணோமே' என்றும் அதே மனிதர் அதே மூலையைப் பார்த்து நின்றார். அவரிடம் போய், வானத்தைப் பாருங்கள், மனம் லேசாகும் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

ஆனாலும் இந்த வட்டாரம் அந்த அச்சத்தை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டுப் பெயர் வயிரமேகத் தடாகம். வயிரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். மன்னன் பெயர்தான், என்றாலும் ஏரியின் பெயருக்குள் ஒரு மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன என்று எல்லாப் பாடநூலிலும் படிக்கிறோம். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. வானத்தை நம்பியிருக்க வேண்டிய நிலையை, கரையும் மதகும் கலிங்கும் கட்டி, ஆள் நியமித்து, ஓர் ஊர் வேலையாக மாற்றினார்கள். அதற்குப் பிறகும் வானத்தைப் பார்த்தார்கள். ஆனால் கையைப் பிசைந்துகொண்டு பார்க்கவில்லை.

அச்சம் கேள்வியாக மாறுவதற்கு நம்மிடம் இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பணியாற்றியவர். தென்வானத்தில் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் குழுவில் ஒரு விண்மீன் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதை அவர் 1867இல் கண்டறிந்தார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இவ்வளவு பெரிய கருவிகளோடு பழகிய மனிதருக்கு, கருவி இல்லாத மனிதர்களைப் பற்றியும் கவலை இருந்தது. 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடக்கப் போகிறது என்றதும், அது ஏன் நிகழ்கிறது, அதில் பயப்பட ஒன்றுமில்லை, எப்படிப் பார்க்கலாம் என்று விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டுமில்லாமல் இந்திய மொழிகள் சிலவற்றிலும் அதை வெளியிட்டார். இந்திய மொழிகளில் அதை உரையாடலாக அமைத்தார்; ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல. மக்களுக்கு வானத்தை விளக்க, திண்ணைப் பேச்சைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆய்வகம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

1883 செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. ஊரே கலங்கிப்போயிருக்கும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் மிக்கி ஸ்மித் நிறமாலைக்காட்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சூரியனைப் பார்த்துக் குறித்துவைத்தார். அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்டு இறுதியில், சாவகத் தீவை அடுத்த கிரகடோவா எரிமலை வெடித்திருந்தது; அதன் சாம்பலும் புகையும் கடல் தாண்டி இங்கே வந்து சூரியனுக்கு நிறம் பூசின. காரணம் கிடைத்தவுடன் அந்தப் பச்சைச் சூரியன் பயத்திலிருந்து வியப்புக்கு மாறிவிடுகிறது. அதே ஸ்மித்தான் பின்னாளில் வானாய்வகம் கொடைக்கானல் மலைக்குப் போகக் காரணமாக இருந்தார்.

2019 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஒன்பதரை மணியளவில் கோவையிலும் திண்டுக்கல்லிலும் சூரியன் ஒரு நெருப்பு வளையமாக நின்றது. அன்று தமிழ்நாடு முழுக்க இரண்டு காட்சிகள். சில வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு, தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை எல்லா நாளும் நிற்கும்; நாம் மற்ற நாளில் நிறுத்திப் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம் பள்ளி மைதானங்களில் அறிவியல் இயக்கத்தார் சூரியக் கண்ணாடியை ஒவ்வொருவராக மாற்றிக் கொடுக்க, பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். எந்தப் பிள்ளை அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருக்கும் என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

4. பெயர்

தமிழில் மேகத்துக்கு எத்தனை பெயர்! முகில், மஞ்சு, கார், கொண்டல், எழிலி, மங்குல், கொண்மூ. நீரை முகந்து கொண்டது கொண்மூ. உயர எழுந்தது எழிலி. பேச்சு வழக்கிலோ "மந்தாரமா இருக்கு", "மப்பு போட்டிருக்கு", "மேகம் கட்டுது" என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல். லூக் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் மேகங்களை வகைபிரித்து லத்தீன் பெயர் வைத்தது 1802இல். நம் உழவர்கள் அதற்கு எவ்வளவோ முன்பே மேகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் தெரிந்தால் பார்வை நின்று பார்க்கும். பெயர் தெரியாதபோது வழுக்கிக்கொண்டு போய்விடும். நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் "கோட்டை கட்டியிருக்கு" என்பார்கள் பாட்டிமார்கள். அகல வட்டம் பகல் மழை என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்து, பெருவிரல் நுனியை நிலாவின் மேல் வைத்தால், சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தைத் தொடும். 22 பாகை. உயரத்தில் மெல்லிய மேகத்தில் மிதக்கும் பனிப்படிகங்கள் ஒளியை வளைக்கும் கோணம் அது. அடுத்த முறை கோட்டை கட்டினால் பிள்ளைகள் சாண் வைத்து அளந்து பார்க்கட்டும். பாட்டியையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போகட்டும்.

5. அளவு

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் உயரமான தைலமரங்கள் இருக்கின்றன. நம் நீலகிரியில் வெள்ளையர் கொண்டுவந்து நட்ட அதே இனம். பால் பிஃப் என்ற உளவியலாளரும் நண்பர்களும் சிலரை அந்த மரங்களை அண்ணாந்து ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னார்கள். வேறு சிலரைத் திருப்பி நிறுத்தி, எதிரே இருந்த உயரமான கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் வந்து, கைதவறியது போலப் பேனாக்களைக் கீழே கொட்டினார். மரத்தைப் பார்த்தவர்களே அதிகப் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். தன்னைவிட மிகப் பெரிய ஒன்றின் முன் நிற்கும்போது 'நான்' சற்றே சிறுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். 2015இல் வெளிவந்த ஆய்வு இது.

வர்ஜீனியா ஸ்டர்ம் குழுவினர் 2020இல் வெளியிட்டதில் இன்னும் அழகான ஒரு விவரம் உண்டு. முதியவர்கள் சிலரை வாரம் ஒருமுறை 15 நிமிடம், எட்டு வாரம், வியப்போடு சுற்றிலும் பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். வேறு சிலரைச் சும்மா நடக்கச் சொன்னார்கள். எல்லாரும் நடையின்போது செல்ஃபி எடுக்க வேண்டும். வாரம் போகப் போக, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்கள் சிறுத்துக்கொண்டே வந்தார்கள், பின்னணி பெருகியது, முகத்தில் சிரிப்பும் பெருகியது. யாரும் அவர்களை அப்படி எடுக்கச் சொல்லவில்லை.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டி, ஏறத்தாழ 29 லட்சம் பேரின் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கிரகணப் பாதையில் இருந்தவர்களின் எழுத்தில் 'நான்' குறைந்து 'நாம்' கூடியிருந்தது. மூன்றாம் பிறை பார்க்க மாடிக்கு வரும் குடும்பத்துக்கும், ரமலான் பிறைக்காகப் பள்ளிவாசல் முன் கூடி மேற்கே பார்க்கும் கூட்டத்துக்கும், நிலாச்சோறு உருட்டிக் கொடுத்த கைக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. நம் மரபில் வானம் பார்ப்பது பெரும்பாலும் கூடிப் பார்ப்பதாகவே இருந்திருக்கிறது.

கல்யாணத்தில் அருந்ததி பார்ப்பதும் அப்படித்தான். பெரும்பாலும் பகலில், ஐயர் கை காட்டும் திசையில், தெரியாததைத் தெரிந்ததாகத் தலையாட்டிவிட்டு வருகிறோம். உண்மையில் பார்க்க வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கமிருந்து இரண்டாவது விண்மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக நிற்பது அருந்ததி. அதன் ஒளி நம்மை வந்துசேரச் சுமார் 80 ஆண்டு ஆகிறது. இந்த ஊரில் சதாபிஷேகம் கண்ட தாத்தா ஒருவர் இருந்தால், அவர் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளி இன்றிரவு அவர் கண்ணில் விழுகிறது. வானத்தின் மிகப் பிரகாசமான சிரியஸ் விண்மீனுக்கு 8.6 ஆண்டு, மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளையின் வயது. தெற்கே தாழ நிற்கும் அகத்தியர் விண்மீனுக்கு 300 ஆண்டுக்குச் சற்று மேல். கார்த்திகைக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 440. அந்த ஒளி கிளம்பியபோது இங்கே நாயக்கர் காலம். வாங்கிய கடனும், பங்காளிச் சண்டையும், பிள்ளையின் மதிப்பெண்ணும் இதனால் தீர்ந்துவிடா. ஆனால் அவை மனசுக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் கொஞ்சம் குறையும்.

6. இழப்பு

இவ்வளவும் கிடைக்க வானம் தெரிய வேண்டும். 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஒளியால் மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கிறார்கள்; மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குப் பால்வெளி தெரியாது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிந்த 50,000க்கும் மேற்பட்ட குறிப்புகளைத் தொகுத்த கிறிஸ்டோபர் கைபா குழுவினர், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடுகிறது என்று 2023இல் சொன்னார்கள். ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன் தெரிந்த ஊரில், அதற்கு 18 வயதாகும்போது 100தான் தெரியும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

சாலவாக்கத்துக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? மாசி மாத இரவில் சப்தரிஷி மண்டலம் எழுந்து வருவது வடகிழக்கில். சரியாக அந்த வெளுத்த அடிவானத்துக்கு மேலே. அருந்ததி அவ்வளவாகப் பிரகாசமில்லாத விண்மீன். ஒளிமாசு முதலில் விழுங்குவது அதைப் போன்றவற்றைத்தான். மழை வரும் மூலையும் அருந்ததி எழும் மூலையும் நமக்கு ஒன்றாக இருக்கின்றன. அந்த மூலைதான் மங்கிக்கொண்டு வருகிறது. இதோடு, சுற்றுவட்டாரத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும் கிளப்பும் தூசி. நெஞ்சுக்குள் போகும் தூசியைப் பற்றி ஊர் சொல்லும் புகாரே பெரிது. அதே தூசி இரவில் தெருவிளக்கின் வெளிச்சத்தைப் பிடித்துப் பரப்பி வானத்தையும் மறைக்கிறது.

பெண்கள் இரவில் நடக்க வெளிச்சம் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். விளக்கின் ஒளி பாதையில் விழ வேண்டும். இன்று அதில் ஒரு பங்கு மேலே போய் வீணாகிறது, ஒரு பங்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கிறது. விளக்குக்கு மேல் ஒரு மூடி, கீழ்நோக்கிய முகம், நீலம் மிகுந்த வெள்ளைக்குப் பதில் மஞ்சள் சாய்ந்த பல்பு. இவ்வளவு செய்தாலே பாதை இன்னும் நன்றாகத் தெரியும், வானமும் தெரியும். ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாதுமலைக் காவலூரில் 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அங்கிருப்பவர்களுக்கு இருட்டு என்பது மூலதனம். லடாக்கின் ஹன்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். விளக்குகளைத் திரையிட்டு மூடிய கிராம மக்களே வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டி வருமானமும் பார்க்கிறார்கள்.

நமக்கு முன்மாதிரி தேட லடாக் வரை போக வேண்டியதும் இல்லை. பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் காப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் கூடு கட்டும் பறவைகள் கலையக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. பறவைக்காகச் சத்தத்தை விட்டுக்கொடுத்த ஊர்கள் நம்மிடையே இருக்கும்போது, தேவையில்லாத வெளிச்சத்தை விட்டுக்கொடுப்பது முடியாத காரியமா? குடவோலையால் ஏரிக்கு வாரியம் அமைத்த வட்டாரத்தில், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தெருவிளக்குக்கு மூடி போடச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவர யார் தடை?

உரை முடியப் போகிறது. மணி எட்டரை. கூட்டம் கலைந்ததும் விருப்பமுள்ளவர்கள் ஏரிக்கரைக்கு நடக்கலாம். நவரைப் பயிருக்குத் தண்ணீர் பாயும் நேரம். கரையில் பாம்பு பூச்சி இருக்கும், பார்த்துக் கால் வைக்க வேண்டும். டார்ச் வைத்திருப்பவர்கள் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாவது ஆகும். முதலில் தெற்கே அகத்தியர், தலைக்கு மேலே திருவாதிரை, மேற்கே சாயும் கார்த்திகை. பத்து மணிக்குமேல் எல்லாரும் ஈசானி மூலைக்குத் திரும்புவோம். பனைமரங்களுக்கு மேலே வசிஷ்டர் வந்திருப்பார். பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்று, கண் கூர்மையாக உள்ள பிள்ளைகள் முதலில் பார்த்துப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.